ஆய்வில் சேர்ப்பது இருக்கட்டும், அந்த ரத்தம் எப்போது வந்தது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. இரண்டு வருடம் முன்பு நாக்குப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், பிறகு 30 தடவை ரேடியேஷன். இப்போது கழுத்தில் திரும்ப வந்துவிட்டது, மறுபடி அறுக்க முடியாது என்கிறார்கள். இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும்) மருந்தைக் குறைந்த அளவிலும் வழக்கமான அளவிலும் கொடுத்து ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வு அடுத்த மாதம் தொடங்குகிறது, சேர்கிறீர்களா என்று கேட்கிறார்கள். டாக்டர் கைவிட்டுவிட்டாரா? அப்பா சோதனை எலியா? சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா? ஒரு தனியார் கிளினிக் மூன்றரை லட்சம் கட்டினால் 'ட்ரையல்' முறையில் செல் தடுப்பூசி போடுவதாகச் சொல்கிறது. ரஷ்யத் தடுப்பூசி பற்றியும் வாட்ஸாப்பில் வந்தது. அதில் வந்த இன்னொரு செய்தியைப் பார்த்து, நோய் பரவாமல் இருக்க ஒரு மாதமாக ஆஸ்பிரினும் முள்சீத்தா இலைக் கஷாயமும் கொடுக்கிறோம். இதயக் கோளாறு எதுவும் கிடையாது. போன வாரம் வாயில் கொஞ்சம் ரத்தம் வந்தது, ஐஸ் வைத்ததும் நின்றுவிட்டது. அப்பாவுக்கு இது கேன்சர் என்று தெரியாது, ஆறாத புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டுமாம். பதிலுக்கு நான் போடலாமா?
வாசகர், திண்டிவனம்

பதில்:

தம்பி, இதைப் பார்த்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம்.

இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது, கேள்வியாகக்கூடக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய அந்த வரி. வாயில் ரத்தம் வந்தது, ஐஸ் வைத்ததும் நின்றது. கழுத்தின் இரண்டு பக்கமும் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. கரோட்டிட் என்போம். கழுத்தில் கத்தி பட்டு, அதன்மேல் ரேடியேஷனும் பட்டு, அதே இடத்தில் நோயும் திரும்பி வந்தால் அந்தக் குழாயின் சுவர் பழைய வேட்டி மாதிரி நைந்துபோகும். கிழிவதற்கு முன்னால் பல பேருக்கு ஒரு சின்னக் கசிவு வரும். ஒரு கரண்டி, இல்லை அரை டம்ளர். தானாக நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று உட்காருவார்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அடுத்தது வரும். அது ஐஸுக்கு நிற்காது.

முதல் கசிவோடு வருகிறவருக்கு சி.டி. ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழாயை உள்ளிருந்தே அடைக்கவோ ஸ்டென்ட் வைக்கவோ வழி இருக்கிறது. இரண்டாவதற்கு அப்புறம் வந்தவர்களில் பலரை நாங்கள் காப்பாற்றியதில்லை.

உங்கள் அப்பாவுக்கு வந்தது புண்ணின் மேற்பரப்பிலிருந்து கசிந்த ரத்தமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எது எதிலிருந்து வந்தது என்று வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஒரு வாரம் தாண்டிவிட்டதே, இனி ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் மறுபடி வந்தால் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உட்காரவைத்து முன்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கக் கூடாது. கழுத்துக்கு வெளியே கசிந்தால் தடித்த துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த ஆஸ்பிரினை இன்றோடு நிறுத்துங்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்களை அது முடக்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் புதுத் தட்டணுக்கள் வந்து சரியாக ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். கழுத்தில் இப்படி ஒரு நோயை வைத்துக்கொண்டு தினமும் இதை விழுங்க வைத்திருக்கிறீர்கள், அதுவும் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி. (இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இதைப் படித்துவிட்டு உங்கள் ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கு வேறு.)

அந்தச் செய்தி முழுப் பொய்யும் கிடையாது, அதனால்தான் எரிச்சல். குடல் புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தபோது நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2025-ல் வெளிவந்த ஆய்வு முடிவு அது. அதே ஆஸ்பிரினை மார்பகப் புற்றுநோய் வந்த 3,020 பேரிடம் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பலனும் இல்லை. மருந்து ஒன்றுதான், நோய் வேறு, விடை வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு நடத்துகிறோம். உங்கள் சமையலறையில் நடந்ததும் ஒரு ஆய்வுதான், கணக்கு எழுத ஆள் இல்லாத ஆய்வு.

கஷாயத்தையும் நிறுத்துங்கள். ரஷ்யத் தடுப்பூசியை மறந்துவிடுங்கள், மூன்றாம் கட்டம் தாண்டி வெளியான முடிவு அதற்கு எதுவும் கிடையாது. புற்றுநோய்த் தடுப்பூசி என்று நிஜமாகவே நம்பிக்கை தரும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் படித்து அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி எம்.ஆர்.என்.ஏ. ஊசி தயாரிக்கிறார்கள். 157 பேரிடம் நல்ல அறிகுறி தெரிந்து, இப்போது பெரிய அளவில் மூன்றாம் கட்டம் போய்க்கொண்டிருக்கிறது. அது உங்கள் அப்பாவின் நோய்க்கு வந்து சேர இன்னும் வெகுதூரம்.

சரி, ஆய்வுக்கு வருவோம்.

டாக்டர் கைவிடவில்லை. கைவிட்டவர் "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். எழுந்து நடமாட முடிகிறதா, ரத்த அணுக்கள் போதுமா, கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்றெல்லாம் சலித்துத்தான் ஆய்வுக்கு ஆள் எடுப்பார்கள். தாங்க மாட்டார் என்று நினைக்கும் ஒருவரைக் கூப்பிடவே மாட்டார்கள்.

சோதனை எலி என்கிறீர்கள். அப்பாவின் கழுத்தில் நீளமாக ஒரு தழும்பு இருக்கும், பாருங்கள். நாக்கை அறுத்தபோதே கழுத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) சேர்த்து எடுத்த தழும்பு. ஆரம்ப கட்ட வாய்ப் புற்றுநோயில் நெறிகளை முதலிலேயே எடுப்பதா, வீங்கினால் பார்த்துக்கொள்வதா என்று சர்ஜன்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில்தான் அதைத் தீர்த்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே எடுத்தார்கள், பாதிப் பேருக்குக் காத்திருந்தார்கள். 500 பேரின் கணக்கு 2015-ல் வந்தது. மூன்று வருடம் கழித்து, உடனே எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5. யார் வீட்டு அப்பாக்களோ அன்று சம்மதித்தார்கள், அதனால் உங்கள் அப்பாவின் சர்ஜனுக்குத் தயங்க வேண்டியிருக்கவில்லை.

முதல் கட்டம் என்றால், இந்த மருந்தை உடம்பு எவ்வளவு தாங்கும் என்று சிலரிடம் பார்ப்பது. இரண்டாம் கட்டம், வேலை செய்கிறதா என்று இன்னும் கொஞ்சம் பேரிடம் பார்ப்பது. மூன்றாவது, இப்போது கையில் இருக்கும் சிகிச்சையோடு அதை நேருக்கு நேர் நிறுத்துவது. நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரிடம் விட்டால் தெம்பாக இருப்பவர்களைப் புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவோம், அப்புறம் மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று தெரியாது. உங்கள் அப்பாவுக்குச் சொன்ன ஆய்வில் இரண்டு பக்கமும் மருந்துதான், அளவில் மட்டும்தான் வித்தியாசம். சர்க்கரை மாத்திரைக்கு அதில் இடமே இல்லை.

குறைந்த அளவு என்றால் ஏழைகளுக்கு அரை வைத்தியம் என்று தோன்றும். நானும் முதலில் சந்தேகப்பட்டவன்தான். நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம் கொடுப்போம். நம் ஊரில் அந்தச் செலவைத் தாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாட்டாவில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களில் இந்த மருந்து போய் ஒட்டும் இடங்கள், சிறிய அளவிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன என்று முந்தைய ஆராய்ச்சிகளில் தெரிந்திருந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். புற்றுநோய்க்கான மாத்திரைகள் மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16. மாத்திரைகளோடு இந்தக் குட்டி அளவும் சேர்ந்தவர்களில் 43. அந்த முடிவு 2023-ல் வந்தது. முழு அளவுக்கு இது ஈடாகுமா என்பது அந்த ஆய்வு கேட்காத கேள்வி, உங்கள் அப்பாவை அழைக்கும் ஆய்வு அதைத்தான் கேட்கிறது. மருந்தைக் குறைவாக விற்பதற்கு எந்தக் கம்பெனியும் காசு போட்டு ஆய்வு நடத்தாது. நாம்தான் நடத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் குணமாகிவிடும் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். டாட்டாவின் அதே ஆய்வில் சராசரியாகப் பார்த்தால் உயிரோடு இருந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக ஆனது. சிலருக்கு அதைவிட நிறைய, சிலருக்கு ஒன்றுமே இல்லை. தைராய்டு, குடல், நுரையீரல் பக்கவிளைவுகளும் உண்டு. என் அப்பாவாக இருந்தால் சேர்ப்பேன்.

உங்கள் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1999, 2000-ல் திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளுக்குப் பரிசோதனை மருந்தை ஊசியில் போட்டுவிட்டு, முறையான அனுமதி இல்லாமல் செய்தது பிறகு அம்பலமாகியது. சம்பந்தப்பட்ட விஞ்ஞானியை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மனிதர்களிடம் ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்கக் கூடாது என்று தடுத்தது. இன்று நிலைமை வேறு. 2009-லிருந்து ஒவ்வொரு ஆய்வையும் முன்கூட்டியே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம், வாட்ஸாப்புக்குச் செலவிடும் நேரத்தில் பாதி போதும். 2019-ல் வந்த விதிகளின்படி, ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவில் சட்டம் தெரிந்தவரும் மருத்துவம் சாராத சாதாரண ஆளும் இருக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அந்த மூன்றரை லட்சம் கிளினிக்கிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும். சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். வழக்கமான ஸ்கேன், படுக்கைச் செலவு யாருடையது என்பது மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறும், அதை உங்கள் ஆஸ்பத்திரியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கையெழுத்து. நீங்கள் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். மருந்தோ எலியோ அல்ல, அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தில் 'புற்றுநோய்' என்று தமிழில் அச்சடித்திருக்கும், அப்பா அதைப் படித்துவிடுவார்.

நீங்கள் போட முடியாது. சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்குப் பதிலாக மகன் சம்மதிக்கச் சட்டத்தில் இடமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் படித்துக் காட்டி அவருடைய கைநாட்டைத்தான் வாங்குவார்கள்.

அப்பாவுக்குத் தெரியாது என்கிறீர்கள். முப்பது நாள் ரேடியேஷன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தம்பி. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வானிலையா பேசியிருப்பார்கள்? என்னிடம் இப்படி வந்த எத்தனையோ பேர், மகன் மருந்துச் சீட்டு வாங்க வெளியே போன நேரம் பார்த்து, "எனக்குத் தெரியும் சார், பையன் தாங்க மாட்டான், அவனிடம் சொல்லாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயப்படுகிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. "அப்பா, உங்கள் உடம்புக்கு என்ன என்று டாக்டர் உங்களிடமே பேசலாமா, இல்லை என்னிடம் பேசினால் போதுமா?" என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி உங்கள் டாக்டர் எவ்வளவு, எப்படி என்று பார்த்துச் சொல்வார். எனக்கு வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்றால் ஆய்வு வேண்டாம். அதுவும் ஒரு பதில்தான், சாதாரண சிகிச்சை தொடரும்.

இதெல்லாம் அடுத்த மாதத்துக் கதை. ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்த ஆய்விலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். கிளம்பும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ரேடியேஷன் கார்டு, அந்த ஆஸ்பிரின் அட்டை, மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கொடுத்ததை மறைக்காதீர்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.