கோயில் உபயமும் தங்கையின் கேள்வியும்

கேள்வி: என் கணவர் ஓய்வூதியக்காரர். ஊர்க்கோயில் திருவிழா உபயத்துக்கு யோசிக்காமல் கொடுப்பார். மண்டபக் கல்லில் பெயரும் இருக்கிறது. ஆனால் கணவனை இழந்த அவருடைய தங்கை, மகனின் உயர்தரப் பரீட்சைக்கான ரியூசன் காசுக்கு உதவி கேட்டபோது கையை விரித்துவிட்டார். கேட்டால், "சாமிக்குக் கொடுப்பதுதான் புண்ணியம்" என்கிறார். அப்படியா?
- வாசகி, சுழிபுரம்

பதில்: சகோதரி, கோயிலுக்குக் கொடுப்பது புண்ணியம்தான். நம் ஊரில் தேரும் அன்னதானமும் இவரைப் போன்றவர்களால்தான் நடக்கின்றன. ஆனால் தங்கையைத் தவிக்கவிட்டு அதைச் செய்வதைச் சாஸ்திரமே ஏற்கவில்லை. மனுநூலின் 11ஆம் அத்தியாயத்தில் இதற்கென்றே ஒரு சுலோகம் உண்டு. சொந்தச் சனம் துன்பப்படும்போது வசதியுள்ளவன் பிறத்தியாருக்கு அள்ளிக் கொடுத்தால் அது தொடக்கத்தில் தேன், சுவைத்தால் நஞ்சு. தர்மம் போலத் தெரியும், தர்மம் அல்ல என்கிறது. மனுவில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. இது சரி.

திருப்பி உதவ முடியாதவருக்குக் கொடுப்பதையே கீதை சாத்துவிக தானம், அதாவது தூய தானம் என்கிறது. பலனை எண்ணிக் கொடுப்பது ராஜசம், அதற்கு அடுத்த படிதான். உங்கள் மச்சாளால் கல்லில் பெயர் வெட்ட முடியாது. சாமியோ பெரிய தொகை கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இறைவனுக்கு ஒரு பச்சிலை போதும் என்ற திருமூலர், அதே பாட்டில் உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி கொடுக்கச் சொல்கிறார்.

இதையெல்லாம் அவரிடம் ஒப்புவித்து வாதாடாதீர்கள். பிள்ளைகள் முன் "கசவாரம்" (கஞ்சன்) என்றும் சொல்லாதீர்கள். 1995 ஒக்டோபரில், போர் இடப்பெயர்வின்போது, வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு தென்மராட்சிக்கு நடந்த தலைமுறை அது. கையில் காசில்லாமல் போய்விடுமோ என்ற பயம் பலரை இன்னும் விடவில்லை.

"தங்கைக்கு உதவுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால், அது எங்கே போய் முடியுமோ என்று பயந்தே மறுப்பார். தொகையையும் முடிவையும் சொல்லிக் கேளுங்கள்: மாதம் இவ்வளவு, பரீட்சை வரைக்கும், அவ்வளவுதான். இந்த வருட உபயத்தில் இரண்டு கூட்டம் மேளத்துக்குப் பதில் ஒரு கூட்டம் பிடித்தால் அதில் ஒரு பகுதி வந்துவிடும். பூசைக்கு ஒரு குறையும் வராது.

சம்மதித்தால் காசை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அவரே தங்கை வீட்டுக்குப் போகட்டும். கூச்சத்தோடு, பணிவாகக் கொடு என்கிறது தைத்திரீய உபநிடதம். காசைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், மருமகன் என்ன பாடம் எடுக்கிறான் என்று கொஞ்ச நேரம் இருந்து கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நீங்கள் நினைவூட்ட வேண்டியிராது.