பிரிட்டன் வாக்குச்சாவடிகளில் பேனாவுக்குப் பதில் ஏன் பென்சில்? யாராவது அழித்து மாற்றிவிட மாட்டார்களா?

பென்சில்தான் வேண்டும் என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை. சொந்தப் பேனாவால் குறித்தாலும் அந்த வாக்கு செல்லும். பென்சில் ஒரு பழைய வழக்கம், அதற்கு நல்ல காரணமும் உண்டு.

அங்கே வேட்பாளர் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பேனா மை ஈரமாக இருக்கும்போதே மடித்தால், எதிர்ப்பக்கத்தில் ஒட்டி இன்னொரு பெயருக்கு நேரே கறை விழலாம். அப்புறம் எண்ணுபவருக்கு, இது யாருக்குப் போட்ட வாக்கு என்ற சந்தேகம் வரும். உண்மையாகப் போட்ட ஓட்டு ஒன்று இப்படி வீணாவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். பென்சிலில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மை தீராது, கசியாது, சீவினால் போதும். ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையமும் இதையே சொல்கிறது: வெப்பமண்டலப் பகுதிகளில் பென்சிலே நன்றாக எழுதுகிறது, அடுத்த தேர்தல் வரை எடுத்தும் வைக்கலாம்.

சரி, அழிப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பின்போது இந்தப் பயம் பலமாகப் பரவியது. சொந்தப் பேனா கொண்டுபோகச் சொல்லிப் பலர் பிரசாரமே செய்தார்கள். ஆனால் வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிக்கு முத்திரை வைக்கிறார்கள். கட்சி முகவர்களும் தங்கள் முத்திரையைப் பதிக்கலாம். எண்ணும் இடத்திலும் அவர்கள் எதிரிலேயே நின்று பார்க்கிறார்கள். அத்தனை கண்களுக்கு நடுவே ரப்பரை எடுத்து ஒவ்வொரு சீட்டாக அழிக்க வழியே இல்லை.