ஐ.சி.டி. ஷாக் அடித்தால் ஆயுள் குறையுமா?

நெஞ்சில் ஐ.சி.டி. (இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தவர்களும் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்வது, மதுரையில் இந்தக் கருவிகளைச் செக் செய்கிற டெக்னீஷியன்.

திருமங்கலம்: போன வாரம் அப்பாவுக்கு ஒரு ஷாக். ஷாக் வாங்கினவங்க சீக்கிரம் போயிடுவாங்களாமே, நிஜமா சார்?

2008-ல் வந்த ஆய்வைத்தான் யாரோ சொல்லியிருப்பார்கள். இதயம் பலவீனமானவர்களில், தேவைப்பட்டு ஷாக் வாங்கியவர்களுக்கு மரண ஆபத்து வாங்காதவர்களைவிட 5 மடங்குக்கு மேல், கருவி தவறாகக் கணித்துத் தேவையில்லாமல் வாங்கியவர்களுக்குச் சுமார் 2 மடங்கு. ஆனால் இதயம் மோசமாகிறவருக்குத்தானே துடிப்பு தாறுமாறாகி ஷாக்கும் அடிக்கும்? அது அடிக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கலாம். கருவியில் எந்த நேரம், என்ன துடிப்பு என்று கோடு கோடாகப் பதிவாகியிருக்கும், அழைத்துப்போய் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் அடித்தாலோ மயங்கினாலோ யோசிக்காமல் 108.

மேலூர்: செல்போனைச் சட்டைப் பையில் வைக்கலாமா?

வேண்டாம். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி.

கே.கே.நகர்: அண்ணே, முதல் பதில் ஒத்துவரலை. தேவையில்லாத ஷாக்குக்கும் 2 மடங்கு என்றால் ஷாக்தானே இதயத்தைக் கெடுக்குது?

சண்டைக்கு ஏற்ற கேள்விதான். ஆனால் தேவையில்லாத ஷாக் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. இதயத்தின் மேலறைத் துடிப்பு குழம்பி ஷாக் வாங்கியவர்களுக்குத்தான் மரணம் கூடுதல். ஒயர் கோளாறு மாதிரி வெறும் மின் இரைச்சலால் வாங்கியவர்களுக்குக் கூடவில்லை. ஷாக்தான் விஷம் என்றால் இவர்களையும் அது விட்டிருக்காதே!

கே.கே.நகர்: அப்போ 2012-ல் வந்த மேடிட்-ரிட் ஆய்வு? துடிப்பு நிமிடத்துக்கு 200 தாண்டினால் மட்டும் கருவி வேலை செய்யட்டும்னு வைத்ததில் மரணமே பாதியாச்சே.

அது உண்மை, அதனால்தான் இப்போது கருவியை அவசரப்படாதபடி செட் செய்கிறோம். ஆனால் அதில் பெரிதாகக் குறைந்தது ஷாக் இல்லை, ஷாக்குக்கு முன்னால் துடிப்பைச் சரிசெய்யக் கருவி கொடுக்கிற, வலிக்காத, வேகமான சின்ன மின் தூண்டல். அதனால் உங்கள் வாதம் பாதிதான் நிற்கிறது. அதற்காக ஷாக்கால் ஒரு கெடுதலும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

உசிலம்பட்டி: தோட்டத்து மோட்டார் பெட்டியைத் தொட்டதும் அடிச்சிருச்சு.

கரண்ட் கசிவாக இருக்கலாம். அந்த லேசான கரண்டையே கருவி துடிப்பென்று எண்ணிவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பாருங்கள், அதுவரை மோட்டார் பக்கம் போகாதீர்கள். கருவியையும் செக் செய்துவிடுங்கள். மறுபடி அடித்தால் 108, முன்பே சொன்னதுதான்.

செல்லூர்: மீனாட்சி கோயில் மெட்டல் டிடெக்டர் வாசல்?

நிற்காமல் நடந்து போங்கள். கையில் பிடிக்கும் டிடெக்டரை நெஞ்சுக்கு மேல் காட்ட வேண்டாம் என்று கருவிக்கான அடையாள அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி: செல்போன் பக்கத்தில் வெச்சுத் தூங்கலாமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் ஐயா.

நத்தம்: ஷாக் வராம இருக்க மாத்திரையைக் கூட்டலாமா?

டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.