அவுவார் மனப்பாடம் போதுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பாரீசுக்குக் கிளம்பும் முன், பிரெஞ்சில் 'என்னிடம் இருக்கு' என்று சொல்ல உதவும் 'அவுவார்' வினைச்சொல்லை மனப்பாடம் செய்தால் போதுமா, அறை வாடகை எவ்வளவு, ஸ்வெட்டர் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் மதுரையில் வேண்டாம், அங்கத்திய குளிருக்கு அது பனியன் மாதிரி.

சரி, அவுவார். ஜே (என்னிடம் இருக்கு), தூ ஆ (உன்னிடம்), இல் ஆ (அவனிடம்), நூ ஸவோன் (நம்மிடம்), வூ ஸவே (உங்களிடம்), இல் ஸோன் (அவர்களிடம்). ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத மாதிரி தெரியும், ஆனால் ஒரு சாயங்காலத்து வேலைதான். இந்த லீவில் வில்லாபுரத்தில் அக்கா மகளின் பிரெஞ்சு நோட்டைப் புரட்டினேன், எல்லாம் ஆங்கிலம் வழியாக. அதுதான் எனக்கு எரிச்சல். 'ஐ ஆம் ஹங்ரி' என்று படித்தவன் 'ஐ ஆம்' என்பதற்கான 'ஜ சுயி' என்றுதான் ஆரம்பிப்பான். பிரெஞ்சில் பசி, தாகம், குளிர், பயம், வயசு எல்லாமே அவுவாரில் போகும். 'எனக்கு வீடு இருக்கு', 'எனக்குக் காய்ச்சல் இருக்கு' என்று நாம் சொல்கிறோமே, அங்கேயும் இரண்டுக்கும் 'ஜே' தான். தெருவில் கடை இருக்கு என்பதற்கான 'இல் யா'விலும் இதே வினைதான். நேராகத் தமிழிலிருந்தே போங்கள், வயசுக்கு நாம் 'இருக்கு' போடுவதில்லை, அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

என்னோடு தங்கியிருந்த மேலூர்க்காரர் ஒருவர் ஓட்டல் சமையலறையில் நடுங்கிக்கொண்டே, குளிருது என்று சொல்ல 'ஜே ஃப்ருவா' என்பதற்குப் பதிலாக 'ஜ சுயி ஃப்ருவா' என்றார். 'நான் பாசமில்லாத ஆள்' என்று அர்த்தமாகிவிட்டது, சிரிப்பு அடங்கவே இல்லை. அப்புறம் 'இல் ஸோன்' என்றால் அவர்களிடம் இருக்கிறது, 'இல் சோன்' என்றால் அவர்கள் இருக்கிறார்கள்; முதலாவதில் இசட் ஒலியை நன்றாக அழுத்துங்கள், நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பேசுவதைவிடக் காதுதான் முக்கியம். எந்த கவுண்டரில் நின்றாலும் 'வூ ஸவே' என்றுதான் கேள்வி வரும், அடையாள அட்டை இருக்கா, கடை கார்டு இருக்கா என்று. நான் போன புதிதில் ஒரு அலுவலக வாசலில் விடியற்காலையிலிருந்து குளிரில் நின்றேன். 'வூ ஸவே ராந்தேவூ?' என்றார் அந்தம்மா. முன்பதிவு இல்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார், ஏன் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அன்றைக்கு வந்த வெறியில்தான், பாத்திரம் கழுவும் இடத்தில் கூட வேலை பார்த்த மாலி நாட்டுக்காரரிடம் தினமும் பேசிப் பேசியே மொழியைப் பிடித்தேன்.

பாரீசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல் பக்கம் முருங்கைக்காய் முதல் எல்லாம் தமிழிலேயே வாங்கலாம், அதுவும் ஒரு ஆபத்து. அங்கேயே காலத்தை ஓட்டிவிட்டு, டாக்டரிடம் 'வயிறு வலிக்குது' என்று சொல்லப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்துப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களை எனக்கே தெரியும். 'ஜே மால் ஓ வாந்த்ர்', அவ்வளவுதான் தம்பி.