பனியில் நிற்கும் மாட்டைக் கொட்டகைக்குள் அடைக்கலாமா?

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ரெட் டீர் பக்கம் சிறு பண்ணை வாங்கியிருக்கிறோம். 12 ஆங்கஸ் மாடுகள், எல்லாம் சினை, மார்ச்சில் ஈனும். இரவில் மைனஸ் 25 வரை போகிறது. முதுகில் பனியோடு வெளியே நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பழைய கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி உள்ளே அடைத்துவிடலாமா? சூட்டுக்கு பார்லி கூட்டி வைக்கலாமா? தொட்டித் தண்ணீரும் உறைந்துபோகிறது.

பதில்: அடைக்காதீர்கள். முதுகுப் பனி உருகாமல் கிடப்பது நல்ல அடையாளம். உடம்புச் சூடு ரோமத்தைத் தாண்டி வெளியே கசியவில்லை என்று அர்த்தம். மார்கழிப் பனிக்கே மாட்டுக்குச் சாக்குப் போர்த்திய நமக்கு இதை நம்புவது கஷ்டம்தான். ஆனால் குளிர்கால ரோமம் அடர்ந்த, உடம்பு தேறிய மாடு சுமார் மைனஸ் 8 வரை கூடுதல் தீனி இல்லாமலே தாங்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் பூஜ்யத்துக்கு மேலே 15 டிகிரியிலேயே குளிரத் தொடங்கிவிடும். மூடிய கொட்டகையில் மூச்சுக்காற்றின் ஈரமும் மூத்திரத்தின் அமோனியாவும் தங்கி, ரோமம் நனையும், நுரையீரல் கெடும். குளிரைவிட ஈரமும் காற்றும்தான் உங்கள் எதிரி.

காற்றுக்குத் தடுப்பு வையுங்கள், அதுவும் முழுச் சுவராக வேண்டாம். சுவரில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும், பனியையும் அங்கேயே கொட்டும். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, நாலில் ஒரு பங்கோ சற்றுக் குறைவாகவோ இடைவெளி விடுங்கள். 8 முதல் 10 அடி உயரம் போதும். உயரத்தைப்போல் எட்டுப் பத்து மடங்கு தூரம் காற்று அடங்கும். மாட்டுக்கு ஓரடி நீளம் என்பது பொதுக்கணக்கு. 12 அடியில் நிறுத்தினால் ஓரங்களில் காற்று சுற்றி வந்துவிடும். 30 அடிக்காவது போடுங்கள். பழைய காரகானா புதர் வரிசை ஏதும் நிலத்தில் இருந்தால் வெட்டிவிடாதீர்கள், அது காற்றைத் தடுக்கவே நட்டதாக இருக்கும். தடுப்பின் பின்னால் வைக்கோலைத் தாராளமாகப் பரப்புங்கள். ஈரத்தரையில் படுத்தால் மடிக்காம்பு குளிரில் உறைந்து புண்ணாகிவிடும்.

இனி தீனி. மாட்டுக்குள் எரியும் அடுப்பு அதன் பெருவயிறுதான். நார்த்தீனி அங்கே நொதிக்கும்போது உண்டாகும் சூட்டை பார்லி அந்த அளவுக்குத் தராது. திடீரென்று பார்லியைக் கூட்டினால் வயிறு புளித்து மாடே விழலாம். 600 கிலோ மாட்டுக்கு உலர்புல் நாளுக்கு 14, 15 கிலோ. மைனஸ் 8-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் தேவை ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும் என்பதால், மைனஸ் 20 நாளில் மூன்று நாலு கிலோ சேர்த்துப் போடுங்கள். காற்றடித்தால் வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிரையே கணக்கில் எடுங்கள். விலை மலிவென்று வெறும் வைக்கோலில் ஓட்டினால், புரதம் போதாமல் செரிக்காது, வயிற்றில் அடைத்துக்கொள்ளும். ஈற்றுக்கு முந்தைய இரண்டு மாதமும் 9 சதவீதப் புரதமாவது வேண்டும். புல்லைச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள், கண்ணால் பார்த்துத் தெரியாது. தீனியைச் சாயங்காலம் போட்டால் இரவின் கடுங்குளிரில் வயிறு சூடாக இருக்கும். இன்னொரு லாபம், பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனும்.

சினை மாடு பனியை நக்கியே தாகம் தீர்த்துக்கொள்ளும்; ஆனால் பனி சுத்தமாகவும் பொலபொலவென்றும் இருக்க வேண்டும், பழகவும் சில நாள் ஆகும். மெலிந்த மாட்டுக்கும் பால் கொடுப்பதற்கும் அது போதாது. தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். அதனால் சூடேற்றும் தொட்டி வாங்குங்கள். அதுவரை காலை மாலை ஐஸை உடைத்துவிடுங்கள்.

ரோமம் கண்ணை ஏமாற்றும். மாதம் ஒருமுறை விலாவைக் கையால் அழுத்திப் பாருங்கள். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் அந்த மாட்டைத் தனியே பிரித்துத் தீனி போடுங்கள். வேலியில் உரசி ரோமம் உதிர்ந்திருந்தால் அது பேன். கால்நடை மருத்துவரிடம் முதுகில் ஊற்றும் மருந்து கேளுங்கள்.

அந்தக் கொட்டகை மார்ச்சில் கன்றுக்குப் பயன்படும். தெற்குப் பக்கம் திறந்துவிட்டு, வைக்கோலைக் கனமாகப் போட்டு வையுங்கள். ஈரக் கன்றை உடனே துடைத்து உலர்த்தி, சீம்பால் குடிக்க வைக்காவிட்டால் முதலில் உறைவது காது நுனிதான்.