சீட்டுக்கு அடியில் கருகிய பிளக்

கேள்வி: காரின் முன் சீட் இரண்டுக்கும் சூடும் குளிர்காற்றும் தரும் கிட்டை வெளிக் கடையில் பொருத்தினோம். டிரைவர் சீட்டை நகர்த்தும்போது 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போய்விட்டது. அடியில் இருக்கும் வெள்ளை பிளக்கும் பழுப்பாகி உருகியிருக்கிறது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: போடவே கூடாது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. 30 போட்டால் அடுத்த முறை கார்பெட்டுக்கு அடியில் வயரே எரியும்.

உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சீட் நகரும்போது ஃபியூஸ் போனால், வயர் தண்டவாளத்தில் உரசித் தோல் போய் பாடியில் படுகிறது என்று அர்த்தம். பிளக் கருகியது வேறு காரணம்: உள்ளே பெண் பின் (ஆண் பின் நுழையும் குழி) தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பின் கரண்டைக் குறைக்குமே தவிர கூட்டாது. எந்த ஃபியூஸும் அதைக் கண்டுபிடிக்காது. ஒரு சீட்டின் சூட்டுப் பட்டை சுமார் 50 வாட், அதாவது 4 ஆம்பியர். பின்னில் கால் ஓம் தடை இருந்தாலே நெல்மணி அளவு இடத்தில் 4 வாட் சூடு. குளிர்காற்று ஃபேன் இழுக்கும் கரண்ட் இதைவிட மிகக் குறைவு. அதனால்தான் சித்திரையில் தெரியாத கோளாறு, மார்கழி விடியலில் ஓசூர் பக்கம் போய் சூட்டைப் போட்டதும் கருகல் வாடை அடிக்கும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மஞ்சள் பிளக் ஏர்பேக்குடையது. அதில் மீட்டர் முனைகூட வைக்கக் கூடாது. கருகிய பிளக்கில் ஆண், பெண் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வயரை வெட்டி, பின்னை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேலையே இல்லை. ஈயம் வைத்தாலும் சீட் ஆட்டத்தில் அந்த இடம் விறைத்து ஒடியும்.

தோல் போன துண்டை வெட்டி எறிந்து 1.5 சதுர மி.மீ. வயர் போட்டு, சுருள் ஸ்லீவுக்குள் விட்டு சீட் சட்டத்தோடு கட்டுங்கள். சீட்டைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எங்கும் இழுக்கவோ தண்டவாளத்தில் தொங்கவோ கூடாது.

பேட்டரியை மாட்டி, சூட்டை முழுசாக வைத்து, மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் இந்தப் பக்கமும், மறு முனையை அதே வயரில் அந்தப் பக்கமும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1 வந்தால் சரி. அரை வோல்ட் தாண்டினால் பின் இன்னும் தளர்வுதான்.

கேள்வி: சீட்டில் குளிர்காற்று தரும் ஃபேன் சத்தம் கேட்கிறது, காற்று வரவில்லை.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தடித்த சீட் கவரைக் கழற்றிவிட்டு, மெல்லிய காகிதத்தை சீட்மேல் வையுங்கள். ஊதும் ரகமென்றால் எழும்பும், உறிஞ்சும் ரகமென்றால் ஒட்டும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஃபேன் வாயில் தூசிதான். கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.