சிவப்புச் சேலை ஏன் செங்கல் நிறமானது?

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய புடவைக்கடை வைத்திருக்கிறேன். மகள் ஐபோனில் எடுத்த 1,400 சேலைப் படங்கள் ஹெய்க் என்ற கோப்பு வடிவில் இருப்பதால் கடையின் பழைய விண்டோஸ் கணினியில் திறக்கமாட்டேன் என்கின்றன. இலவசமாக மாற்றித் தரும் இணையத்தளம் ஒன்றில் போட்டால் இருபது படத்தோடு காசு கேட்டது. மாறி வந்த படங்களிலும் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. கணினிக் கடைக்காரர் ஒருவர் வருடம் 18,000 ரூபாவுக்கு ஒரு மென்பொருள் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பைப்பைப் பூட்டுங்கள். மகளின் போனில் செட்டிங்ஸுக்குள் கமரா, அதற்குள் ஃபோர்மற்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கொம்பேட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்தால், இனி எடுப்பதெல்லாம் பழைய கணினியும் திறக்கும் ஜேபெக் வடிவிலேயே விழும். படம் கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே எடுத்த 1,400க்கு, படங்களை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் போதும். 1987இல் ஜோன் கிறிஸ்டி என்பவர் டூபொன்ட் நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கி, 1990இல் இலவசமாக வெளிவிட்டது. பட்டனும் மெனுவும் தேடாதீர்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி என்டரை அழுத்தவேண்டும். ஒரு படத்துக்குத் தட்டும் அதே வரிதான் 1,400க்கும். தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

பழைய வழிகாட்டிகள் ‘கன்வேர்ட்’ என்று தட்டச் சொல்லும். விண்டோஸில் அந்தப் பெயர் வன்தட்டின் கோப்புமுறையை மாற்றும் வேறொரு கட்டளைக்குச் சொந்தம். ஏழாம் பதிப்பை இறக்கி, வரியை ‘மேஜிக்’ என்றே தொடங்குங்கள்.

இப்போது உங்கள் சிவப்பு. ஐபோன் 7 வந்த 2016 முதல் ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிறவெளியில், அதாவது கூடுதல் நிறங்கள் அடங்கும் வரம்பில், பதிவாகின்றன. வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி எட்டாத சிவப்பும் பச்சையும் அதில் உண்டு. படத்துக்குள் நிறங்கள் எண்களாகவே இருக்கும்; அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று சொல்லும் ஒரு சீட்டு, புரொஃபைல், படத்தோடு ஒட்டியிருக்கும். உங்கள் தளம் எண்களை மாற்றாமல் சீட்டை மட்டும் கிழித்தெறிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அப்போது கணினி அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், அரக்கு மங்கிப்போகும். படத்தை நம்பி வாங்கியவர் சேலையைக் கையில் எடுத்ததும் ‘இது வேற கலர்’ என்று திருப்பித் தருவாரே, பாதிக் கதை இதுதான்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் இதே தவறைச் செய்யலாம். இமேஜ்மேஜிக்கில் வரிசை உங்கள் கையில். முதலில் ‘புரொஃபைல்’ கட்டளையால் நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அதற்கு வேண்டிய கோப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. அடுத்து நீளப் பக்கம் 1,600 பிக்சலுக்குச் சுருக்குங்கள், தரம் 85 வையுங்கள். கடைசியாகத்தான் ‘ஸ்ட்ரிப்’. சீட்டைக் கிழிப்பது இந்த ஸ்ட்ரிப்தான், ஆனால் எண்கள் ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபிக்கு மாறிவிட்டதால் இப்போது நிறம் கெடாது. இதை விட்டுவிடாதீர்கள்: வீட்டில் எடுத்த படமென்றால் வீடு இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் படத்துக்குள் இருக்கும், அதையும் இதுவே நீக்கும். முதலில் ஒரே ஒரு சேலையில் செய்து, திரைக்குப் பக்கத்தில் அந்தச் சேலையையே விரித்து வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘மொக்ரிஃபை’ என்ற கட்டளை முழு போல்டரையும் ஒரேயடியாக மாற்றும். புதிய வடிவமோ வேறு போல்டரோ சொல்லாவிட்டால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். கேட்காது. என் மாமி மகளின் கலியாணப் படங்களை முத்திரையளவுக்குச் சுருக்கிய பாவம் என்னுடையது. இன்றைக்கும் அந்த வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது அந்தக் கதைதான் முதலில் வரும். ஆகவே போல்டரைக் கொப்பி செய்து வேறோர் இடத்தில் வைத்த பிறகே கையை வையுங்கள்.

பின்னணியை வெட்டியெடுப்பது, மடிப்பை நீவுவது போன்றவற்றுக்கு இது தோதுப்படாது. கண்ணும் கையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை அது. கடை வாசலில் தொங்கவிடும் பத்துப் படத்துக்கு அப்படித் தேவைப்பட்டால் ஒரு டிசைனருக்குக் கூலி கொடுங்கள். அந்தக் காசு வீணாகாது.

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 2,500 ரூபாவுக்கு ‘ஆயுட்கால’ போட்டோஷொப் போட்டுத் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: 2013 முதல் அடோபி தன் புதிய போட்டோஷொப் பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது திருட்டுப் பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது குற்றம். பூட்டை உடைத்த ஆள் உள்ளே வேறென்ன வைத்துவிட்டுப் போனான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மெனுவோடு கூடிய இலவச மென்பொருள் வேண்டுமென்றால் கிம்ப் இருக்கிறது. போட்டோஷொப் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சல் வரும்.